கொக்கியைப் பார்க்கிற கண்

என் அப்பா கஸ்பாருக்கு ஹார்பரில் கிரேன் டிரைவர் வேலை. கப்பலுக்குள்ளிருந்து மூன்று டன் பெட்டியைத் தூக்கி, கரையில் நிற்கும் லாரியில் கோழிமுட்டை வைப்பதுபோல் வைப்பார். ஆனால் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஊசியைத் தன் தொடையில் இறக்கச் சொன்னால் மனிதருக்குக் கை வராது.

போன வருஷம் சர்க்கரை ஏறி மயங்கி விழுந்து, மூன்று நாள் கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில், சாப்பாட்டுக்கு முன்னால், இன்சுலின். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, டாக்டர் காட்டிய கோடு வரை மருந்தை உறிஞ்சி, அம்மா சிலுவையம்மாள்தான் போட்டுவிடுவாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஏதோ மாட்டு வண்டி ஏறிவிட்டதுபோல் முனகுவார்.

எல்சி, நீ போடக்கூடாதா என்று என்னைக் கேட்காதவர்கள் தெருவில் கிடையாது. நான் பள்ளிக்கூட டீச்சர். அம்மை குத்த வந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று குத்திக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த நான்தான் விழுந்தேன். இது அப்பா வழிச் சொத்து, நான் என்ன செய்ய?

அவர் கண் மூடிக் கிடந்த மூன்று நாளும் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். பிழைத்து எழுந்தால் வேளாங்கண்ணிக்கு வந்து, கொடியேற்றத்திலிருந்து திருநாள் வரை கோயிலிலேயே தங்குகிறேன் என்று. போன வருஷம் அவரை விட்டு நகர முடியவில்லை. இந்த வருஷமும் அதே கதைதான்போல் இருந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் எட்டு மணிக்குத்தான் கதவைத் திறப்பார், அப்பா ஏழு மணிக்குக் கிரேனில் இருக்க வேண்டும்.

"நேந்துக்கினு ரெண்டாவது திருநாளும் வரப்போவுது. மாதா மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?" என்றாள் அம்மா. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள்.

அக்கா அழுததைக் கேள்விப்பட்ட அம்மாவின் தம்பி ஞானதுரை மாமா, கப்பலில் ஸ்டூவர்டாக இருப்பவர், அடுத்த தடவை ஊர் வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். திறந்தால் உள்ளே துப்பாக்கி. அதன் முனையில் சிரிஞ்சைப் பொருத்தி, தோலின்மேல் வைத்துக் குதிரையை இழுத்தால் ஊசி தானாகப் பாய்ந்துவிடும். அப்புறம் மருந்தை அழுத்தினால் போதும். வெளிநாட்டில் பயந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் போட்டுக்கொள்கிறார்களாம். ஹார்பர் கேட்டில் இதற்கு விளக்கம் சொல்லியே மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தெருவே எங்கள் வீட்டில் கூடியது. பக்கத்து வீட்டு ராஜாத்தி ஒரு சாத்துக்குடி கொண்டுவந்தாள். மாமா அதைப் பலகையில் வைத்து இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். ஊசி முழுக்க உள்ளே. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா முகத்தில் ரயிலேறிவிட்ட சந்தோஷம்.

அப்பா மட்டும் சாத்துக்குடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது, லோடை அப்டியே உட்டுட்ட?"

"ஊசி மச்சான் அது. லோடு இல்ல," என்றார் மாமா.

"எதுவா இருந்தா இன்னா? இருவது வருஷமா ஒரு பொட்டிய நான் தொப்புனு உட்டதில்ல. என் ஒடம்புல மட்டும் உடணுமா? எடுத்துக்கினு போ."

பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துப்பாக்கியால் அவரையே சுட்டிருப்பேன். கையால் போடவும் மாட்டார், மெஷினால் போடவும் மாட்டார். அம்மா கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்துப் புடவைகளைக் கொடியில் போட ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கும் சுருக்கென்றது. மறுநாள் காலையில், "குடு இங்க," என்று சிரிஞ்சைத் தானே வாங்கிக்கொண்டார்.

தொடைக்கு ஒரு சாண் மேலே ஊசி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நெற்றியில் வேர்வை. நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

அந்த நேரம் கோதண்டம் வந்தார். அப்பாவின் கிரேனுக்குச் சிக்னல்மேன் அவர்தான். மேலே இருக்கும் டிரைவருக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. கப்பல் மேல்தளத்தில் நிற்கும் சிக்னல்மேன் கொக்கியைப் பார்த்துக் கை காட்டுவார். அந்தக் கை சொன்னால் இறக்க வேண்டும், சொன்னால் நிறுத்த வேண்டும். டிரைவர் சொந்தமாக யோசித்தால் யாராவது செத்துப்போவார்கள்.

வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி, "டைம் ஆவுது மாமு," என்றார் கோதண்டம். எட்டிப் பார்த்தார். அந்தரத்தில் நிற்கும் ஊசியைப் பார்த்ததும், அவருக்கே தெரியாமல் வலது கை உயர்ந்தது. உள்ளங்கையைக் கீழே திருப்பி, காற்றை மெல்லத் தட்டினார்.

அப்பாவின் கை இறங்கியது. நடுக்கம் இல்லை, அவசரம் இல்லை. கோதண்டம் விரல்களை மடக்கியதும் நின்றது. கட்டைவிரல் மருந்தை அழுத்தி முடித்தது. ஊசியை வெளியே எடுத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதே அப்பாவுக்குத் தெரிந்தது.

"தோடா," என்றார், தன் தொடையைப் பார்த்து.

கொடியில் கிடந்த புடவைகளை அம்மா மறுபடியும் மடித்தாள். ஆனால் கோதண்டத்துக்கு அடுத்த வாரம் முதல் இரவு ஷிப்ட். காலையில் வர முடியாது. சரி, கை காட்டுவதற்கு நான் போதாதா என்று முன்வந்தேன். மறுநாள் காலையில் சுவரைப் பார்த்தபடியே காற்றைத் தட்டினேன்.

"கொக்கிய பாக்காத சிக்னல்மேனை நம்பி எவன் லோடு இறக்குவான்?" என்றார் அப்பா. ஊசி அந்தரத்திலேயே நின்றது. கடைசியில் அம்மா வந்து கை காட்டினாள். முதலில் உள்ளங்கையை மேலே திருப்பிவிட்டாள், அப்பா சிரிஞ்சோடு கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். திருத்திக்கொண்டு காட்டியதும் அழகாக இறக்கினார்.

"ஊருக்குப் போறவங்களே கை காட்டினா எப்டி?" எனக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மாவை ஒரு போட்டோ புடிச்சு மாட்டிக்குங்க நைனா."

நக்கலாகச் சொன்னேன். அப்பா நக்கலை எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே அம்மாவைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார். போட்டோக்காரர் எவ்வளவு கெஞ்சியும், இறக்கச் சொல்லிக் கையைத் தூக்கி நின்ற அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பேனாவைச் சிரிஞ்சு மாதிரி பிடித்திருந்த அப்பாவின் தொடையைத்தான் பார்த்தாள். ஒரு வருஷமாக விடிந்ததும் அவள் பார்த்த இடம் அதுதானே. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். வேலை நேரத்தில் என்ன சிரிப்பு என்று கேட்டுவிட்டாள்.

படத்தை நாற்காலிக்கு எதிரே, அம்மாவின் கண் தன் தொடையில் விழும் உயரத்தில், நாலு தடவை ஆணியைப் பிடுங்கி அடித்து மாட்டினார். அம்மா ரயிலேறினாள்.

முதல் நாள் காலை நான் சுவரைப் பார்த்து நின்றேன். பிறகு அப்பாவின் குரல் கேட்டது, என்னிடம் அல்ல.

"எறக்கியாச்சு, சிலுவ."

அன்றே வேளாங்கண்ணிக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னார். 'லோடு பத்திரமா எறங்கிச்சு' என்பதைத் தவிர ஒரு எழுத்து கூடுதலாக எழுதவிடவில்லை.

அம்மா எண்ணெயும் மெழுகுவர்த்தியுமாகத் திரும்பி வந்தபோது, படத்தில் ராஜாத்தி செருகிய மல்லிகைச் சரம் இருந்தது. கை தூக்கி ஆசீர்வாதம் செய்யும் அந்தப் புனிதவதி யார் என்று இரண்டு பேர் விசாரித்தும் போயிருந்தார்கள்.

"உசுரோட கீற பொம்பளைக்குப் பூவா? கயிட்டி வைங்க அத," என்றாள் அம்மா.

"முடியாது. அந்தம்மா நல்லா வேல செய்யுது. உன்ன மாதிரி பேசறதில்ல."

அம்மா துண்டை எடுத்து அவர்மேல் எறிந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அப்பாவே சிரிஞ்சைக் கொதிக்க வைத்து மருந்தை உறிஞ்சியிருந்தார். பழைய வழக்கப்படி அம்மா கையை நீட்டினாள். அப்பா கொடுக்கவில்லை. அவள் போய்ப் படத்துக்குக் கீழே நின்றாள். பத்து நாள் அலைச்சலில் முகம் கறுத்து, தலை கலைந்து இருந்தாள். கையைத் தூக்கினாள், உள்ளங்கையைக் கீழே திருப்பினாள்.

அப்பா படத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் இறக்கினார்.