முதல் பக்கம் கிழிந்தால்

கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவருக்குச் சில நாட்களாக நிம்மதியே இல்லை. காரணம் வேறு யாருமில்லை, பெற்ற மகள்தான். நிலவியல் படிக்கப் போய் விடுமுறைக்கு வந்திருந்த அவளைப் போதகர் பிடித்துக்கொண்டார். ஆறு நாளில் உலகம் எப்படி ஐயா ஆகும் என்று சபைப் பிள்ளைகள் அவரைக் குடைந்தெடுக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சிருஷ்டிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிடு, படித்த பிள்ளை சொன்னால்தான் எடுபடும் என்று கேட்டுவிட்டார். அவளும் தலையாட்டிவிட்டாள். மனுஷருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

வேறு அப்பன்மார் என்றால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருப்பார்கள். இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சமையல் மேடைக்கும் படிக்கட்டுக்கும் சுண்ணாம்புக்கல் பலகைகளை வழவழப்பாக்கிக் கொடுப்பது அவர் தொழில். தண்ணீரை ஊற்றி இயந்திரத்தை ஓட்டினால், சேறு வழிந்த இடத்தில் சில சமயம் ஒரு சிப்பி தெரியும், சுருண்ட நத்தை தெரியும். வாங்க வருகிறவர்கள் ஆச்சரியப்பட்டால், நோவா காலத்து ஜலப்பிரளயத்தில் அடித்துவந்தது என்று கையோடு சொல்லிவிடுவார். கல் விற்றதோ இல்லையோ, சாட்சி சொன்ன திருப்தி இருக்கும். மகளும் சின்ன வயதில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கல் பைத்தியமானாள். இந்த முறை வந்தவள் ஒரு பலகையிலிருந்த நத்தையை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சரியான வாயாடி அவள், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்ததுதான் அவரைக் கலக்கியது.

உலகம் ஆறு நாளில் ஆனால் என்ன, பல கோடி வருஷத்தில் ஆனால் என்ன, கல் தேய்க்கிறவருக்கு அதில் என்ன வந்தது? வந்தது. மகளுக்கு இளையவனாக ஒருவன் இருந்தான், பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலில் போய்விட்டான். பெட்டியை மூடுமுன் அவன் காதருகே குனிந்து, போய் இருடா, அப்பா வந்துடுறேன் என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கு நிற்பதெல்லாம், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்கிற வேதத்தின் கடைசிப் பக்கங்களை நம்பித்தான். முதல் பக்கம் கிழிந்தால் கடைசிப் பக்கம் மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும்? ஆதாம் இல்லையென்றால் உயிர்த்தெழுதல் ஏது, மகனை எங்கே போய்த் தேடுவது? இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. சொன்னால் அவளுக்கும் இந்தப் பயம் தொற்றிக்கொள்ளும்.

சனிக்கிழமை மதியம் மகள் பட்டறைக்கு வந்து நின்றாள். அவர் பார்க்காதவர்போல இயந்திரத்தை ஓட்டினார். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. ஏற்கெனவே மினுங்கிக்கொண்டிருந்த கல்லையே மறுபடி மறுபடி தேய்த்தார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேரே போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

“அப்பா, நாளைக்குப் பேசறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும். இந்த நத்தை ஜலப்பிரளயத்துல வந்ததில்லப்பா. அதுக்கும் ரொம்ப ரொம்ப முந்தி. அதைச் சொல்லிட்டு, அப்படியும் நான் ஏன் ஜெபம் பண்றேன்னு சொல்லலாம்னு இருக்கேன்.”

முதல் பாதியோடு அவருக்குக் காது அடைத்துவிட்டது. துணியை எடுத்துக் கல்லைத் துடைத்தார்.

“அப்ப தம்பி எங்கடி இருக்கான்?”

தம்பி என்ற பேச்சு அவர் வாயிலிருந்து வந்து எவ்வளவோ காலமாயிற்று. அவர் விடவில்லை. நான் கண்ணை மூடுகிறவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்காதே, அப்புறம் எந்த நத்தையை எந்தக் காலத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். பெற்ற அப்பன் ஈரக் கையோடு நின்று கெஞ்சினால் எந்தப் பிள்ளைக்குத்தான் சகிக்கும்? சரிப்பா என்று சொல்லி, சுவிட்சைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பிரமாதப்படுத்திவிட்டாள். ஆறு நாள், ஜலப்பிரளயம், மலைக் கல்லுக்குள் சிப்பி வந்த கதை எல்லாவற்றையும் அவர் பட்டறையில் சொல்வதை அச்சுப் பிசகாமல் சொன்னாள். அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள், அவர் கையை நீட்டுகிற மாதிரியே நீட்டினாள். சபை ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றது. போதகர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

கேட்டது கிடைத்துவிட்டது, அப்பாடா என்றிருக்க வேண்டும். அவருக்கோ அப்படி இல்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளுடையது இல்லை என்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இதே குரலில் இத்தனை காலமாக வீட்டில் என்னென்ன சொல்லியிருக்கிறாள்? எதை மனதார, எதை அப்பனுக்காக? ஏன் ஜெபம் பண்றேன் என்று ஏதோ சொல்ல வந்தாளே, அது என்ன? போய்க் கேட்கலாம். கேட்டால் அவள் சொல்கிற பதிலை இனி எப்படி நம்புவது?

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், இன்றைக்கு அவளே ஜெபம் பண்ணட்டும் என்றாள் மனைவி. மூவரும் தலை குனிந்தார்கள். மகள் ஆகாரத்துக்காக நன்றி சொன்னாள், அப்பா அம்மாவின் சுகத்துக்காகக் கேட்டாள். பிறகு, இதுவரை ஒருநாளும் சேர்க்காத ஒன்றைச் சேர்த்தாள்.

“தம்பியை நாங்க மறுபடியும் பார்ப்போம்ங்கிற நம்பிக்கைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே.”

மனைவி விசும்பினாள். மகளின் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. காலையில் சபையிலும் இருக்கவில்லை. அவரால் தாங்க முடியவில்லை. ஜெபத்தின் நடுவில், வாழ்நாளில் முதல் தடவையாக, கண்ணைத் திறந்தார்.

மகள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.