மேலே பார்க்காதவள்

"எழுதித் தாங்கோ சேர்."

பிறின்சி சொன்னதும் பள்ளிக்கூட அதிபரின் பேனை பாதிக் கையெழுத்தில் நின்றது. அவர் நிமிரவில்லை.

படிப்பிக்க வந்த முதல் நாளே ராஜினி ரீச்சர் பிறின்சிக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சட்டம் அதுதான். பிந்தி வரலாம், பாடக்குறிப்பைப் பிறகு எழுதலாம், லீவைக்கூடப் போட்டுவிட்டுச் சொல்லலாம். ஆனால் அதிபர் வாயால் சொன்ன ஒன்றை எழுதித் தரச்சொல்லி மட்டும் கேட்கக் கூடாது. அதுவும் நியமனம் உறுதியாகாத ஆள் கனவிலும் கேட்கக் கூடாது. அன்றைக்குப் பிறின்சி ஓம் என்று தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்குப் பெரிதாக வராத வேலை. அன்று புதுச்சேலை கட்டியிருந்தபடியால் கொஞ்சம் அடங்கியிருந்தாள்.

சனிக்கிழமை காலை. இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் முல்லைத்தீவில் நாடகப் போட்டி. நாடகத்தில் நடிக்கிற லக்சிகாவின் தகப்பன் கோகுலன் ஒழுங்குபண்ணிக் கொடுத்த வெள்ளை வான் வண்டி வாசலில் நிற்கிறது. இந்த நேரத்தில் அதிபர் கூப்பிட்டுச் சொன்னது, கேட்பதற்குச் சின்ன விஷயம். அகதிச் சிறுமியாக நடிக்கவிருந்த கஜேந்தினி பின்னால் நிற்கிற சனத்தோடு நிற்கட்டாம். அந்த வேடத்தில் லக்சிகா நடிக்கட்டாம்.

"போன வருசம் உச்சரிப்புக்கு வெட்டித்தான் ரெண்டு புள்ளியில தோத்தனாங்கள். அந்தப் பிள்ளையின்ர கதை வேற மாதிரி. நடுவர்மாருக்குக் காதில குத்தும்."

ஆருடைய காதில் என்று கேட்க வாய்வரை வந்ததைப் பிறின்சி விழுங்கினாள். விழுங்கியதற்குப் பதிலாக வெளியே வந்த ‘எழுதித் தாங்கோ’ அதைவிடப் பெரிதாக இருந்தது.

கஜேந்தினியின் கதை, அவள் பேசுகிற தமிழ், வேறு மாதிரித்தான். மற்றப் பிள்ளைகள் ரீச்சர் என்கிற இடத்தில் அவள் டீச்சர் என்பாள். அவளுடைய தாத்தா மாயாண்டி எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீடு எரிய, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகும் ஊரோடு சேர்ந்து எத்தனை தரம் ஓடியது. ஓடும்போது ஒருவரும் உச்சரிப்புப் பார்க்கவில்லை.

நாடகம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் படிக்கிற ஒன்று. பெயர் சொல்லாத ஏதோவொரு நாட்டில் குண்டு விழுகிறது. ஒரு சிறுமி தம்பியைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டுகிறாள். எல்லையில் ஒரு அதிகாரி மறிக்கிறாள். பிறின்சி வருவதற்கு முன்னால் பிள்ளைகள் ஒரு தவணை முழுக்க அதைக் குறிப்பாகவே படித்து முடித்திருந்தார்கள். அகதி எனப்படுபவர் யார், அவரின் இயல்புகள் மூன்று தருக. கொப்பிகளைத் திருத்தக் கொண்டுபோன அன்று பிறின்சிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பதினாறு பேரும் ஒரே மூன்று இயல்புகளை எழுதியிருந்தார்கள். பதினாறு பேரில் பாதி, முகாமின் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே தவழப் பழகியதுகள். பத்து வயதில் தகப்பன் கொன்ஸ்ரன்ரைனின் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி யுத்தத்தின் கடைசி நாள்களில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பிறின்சிக்கு அந்தக் குறிப்பில் இல்லாத நாலாவது இயல்பு என்னவென்று தெரியும். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் அரங்கியல் படித்தும் அதை எப்படி மேடையில் வைப்பதென்று மட்டும் தெரியாமல் இருந்தது.

தெரியவந்தது ஒத்திகையின் மூன்றாம் நாள். விமானங்கள் இரைகின்றன, சிறுமி வெளியே ஓடிவந்து மேலே பார்க்கிறாள் என்று பிரதியில் இருந்தது. லக்சிகா பின்னாலிருந்து வாயால் இரைச்சல் போட்டாள். கஜேந்தினி ஓடிவந்தாள். மேலே பார்க்கவில்லை. அப்படியே சரிந்து விழுந்தாள். குப்புற அல்ல, ஒரு பக்கமாக. முழங்கால் மடங்கி நெஞ்சுக்கு வந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு கை காதைப் பொத்தியது. மற்றக் கை வயிற்றின்மேல் விரிந்து கிடந்தது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரிப்பை விட்டார்கள்.

பிரதியில் அப்படி இல்லையே என்று பிறின்சி கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டாள். கேட்கும்போதே தன்னுடைய வாயும் திறந்திருப்பதைக் கண்டு மூடினாள். எறிகணைச் செல் விழும்போது காது வெடிக்காமலிருக்க வாயைத் திறக்க வேண்டுமென்று அவளுக்கு அப்பா சொல்லித் தந்தவர். இவளுக்கு ஆர் சொன்னது? யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவள்.

"அம்மா இடி இடிச்சா இப்பிடித்தான் விழுவாங்க டீச்சர். அத அப்பிடியே செஞ்சேன்."

"வயித்தில ஏன் கை வைச்சனி?"

"தெரியல டீச்சர். அம்மா வைப்பாங்க."

பிறந்த திகதியைக் கேட்டாள். இரண்டாயிரத்து ஒன்பது, ஜூலை. பிறின்சி மனதுக்குள் மாதங்களைப் பின்னுக்கு எண்ணினாள். யுத்தத்தின் கடைசி மாதங்களான அந்த மாசியிலும் பங்குனியிலும் சித்திரையிலும் அழகம்மா என்கிற அந்தத் தாய் குப்புறப் படுக்க முடியாமல் ஒரு பக்கமாகவே விழுந்திருக்கிறாள். பதினாறு வருடமாக ஒவ்வொரு இடிக்கும் அந்தக் கை பழைய இடத்துக்கே போகிறது. அது யாரை மறைத்த கை என்று, அதை அச்சொட்டாக நடித்துக் காட்டிய பிள்ளைக்கே தெரியாது. பிறின்சி சொல்லவில்லை. சொல்லுகிற உரிமை தனக்கில்லை என்று நினைத்தாள். மேலே பார்க்கிறாள் என்ற வரியை மட்டும் பென்சிலால் வெட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அதிபர் கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். திகதி எழுதினார். கஜேந்தினியின் முழுப்பெயரை வடிவான கையெழுத்தில் எழுதினார். அங்கே பேனை நின்றது.

"காரணம் எண்டு என்னத்தைப் பிள்ளை எழுதுறது?"

"இப்ப எனக்குச் சொன்னதை எழுதுங்கோ."

அவர் பின்னால் திரும்பி அலுமாரியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் அந்தச் சேர்வு இடாப்பு இருந்தது, பிள்ளைகளின் பெயர் பதிகிற பெரிய புத்தகம். ஓரமெல்லாம் சேற்றுநிறம். இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்துக்கும் அதை உரப்பையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவர் அவர். ஒரு இடத்தில் இரண்டில் ஒன்றைத்தான் தூக்கலாம் என்று வந்தபோது தன்னுடைய உடுப்புப் பையைக் கடற்கரையில் விட்டவர். அந்த இடாப்பில் பிறின்சியின் பெயரும் இருக்கிறது. கரையோர ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் படித்தவள். முகாமைவிட்டு வெளியே வந்து அவள் எந்த வகுப்பென்று நிரூபிக்க ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாதபோது அந்த ஒரு வரிதான் அவளை ஐந்தாம் வகுப்பில் இருத்தியது. இந்த மனிதரின் தோளில் ஏறிவந்த பட்டதாரி அவள். அவரைச் சும்மா ஒரு பொல்லாத ஆள் என்று நினைக்க முடிந்திருந்தால் இந்தக் காலை எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

"எழுதினது நிக்கும் பிள்ளை," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"ஓம் சேர். நீங்கள் காவிக்கொண்டு வந்தபடியாத்தான் அது எனக்குத் தெரியும்."

அவர் இடாப்பை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அவர் பேனையை மூடினார். தாளைக் கிழிக்கவும் இல்லை, தரவும் இல்லை. வான் கோகுலன் தந்தது, மகள் முன்னால் நிற்காவிட்டால் அது வெளிக்கிடாது என்றார். தெரியும் என்றாள். இனி உள்ளது ஒன்றுதான் என்பதுபோல அவர் மெதுவாகச் சொன்னார்.

"உம்மட நியமனத்தை உறுதிப்படுத்திறதுக்கும் நான்தான் எழுத வேணும்."

"அதிலயும் காரணத்தைப் போடுங்கோ சேர்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கையிலிருந்த கோப்பை இறுக்கிப் பிடித்தாள். அது கோபத்தினால் அல்ல என்று அவளுக்குத் தெரியும். கோப்புக்குள் பதினாறு பெற்றோரின் சம்மதக் கடிதங்கள் இருந்தன. வான்காரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் எங்கே என்று கேட்டான். பிள்ளைகள் இங்கே வரமாட்டார்கள். அதிபரின் யோசனை ராஜினி ரீச்சர் வழியாக நேற்றுப் பின்னேரமே பிறின்சியிடம் வந்துவிட்டது. விடிய நேரே கோயிலடி பஸ் தரிப்புக்கு வரச்சொல்லி எல்லோருக்கும் அப்போதே அறிவித்துவிட்டாள். முதலில் ஓம் என்றது லக்சிகாதான். கஜேந்தினி விழுகிற மாதிரித் தனக்கு விழ வராது, அதிகாரி வேடமென்றால் வரும், அப்பாவைப் பார்த்துப் பழக்கம் என்று சொல்லியிருந்தாள்.

கேற்றைத் தாண்டியபோது தரிப்பு தெரிந்தது. பஸ்ஸை இன்னும் காணவில்லை. வீதியோர மணலில் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, கூலி வேலைக்குப் போகாமல் மகளின் நாடகத்தை முதன்முதலாகப் பார்க்க வெளிக்கிட்டு வந்த அழகம்மா, சாப்பாட்டுப் பையோடு நின்றாள். லக்சிகா கன்னத்தை உப்பி இரைச்சல் போட்டாள். கஜேந்தினி ஓடிவந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, மணலில் கிடந்தாள். வாய் திறந்திருந்தது. கை வயிற்றின்மேல் இருந்தது.

பிறின்சி நடையை நிறுத்தவில்லை. அழகம்மா பையை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டு, மகளின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.