பதினேழு வருஷத்துப் பாவம்

டில்லிபாபு செத்த பதினெட்டாம் நாள், லூர்தம்மாள் ஜெசிந்தாவிடம் ஒரு நல்ல செய்தி சொல்ல வந்தாள்.

லூர்தம்மாள் அந்தத் தெருவின் அன்பியத் தலைவி. புதன்கிழமைதோறும் யாராவது ஒரு வீட்டில் செபமாலை சொல்ல ஆள் சேர்ப்பது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு யார் வரவில்லை என்று கணக்கு வைத்து மறுநாளே போய் விசாரிப்பது, சாமியாருக்குச் சேதி கொண்டுபோவது எல்லாம் அவள் பொறுப்பு. கெட்ட மனுஷி இல்லை. சாவு விழுந்த அன்று முதலில் ஓடி வந்தவள் அவள்தான். மூன்று நாள் சோறு ஆக்கிப் போட்டவளும் அவள்தான். அதனால்தான் அவள் வாயிலிருந்து அது வந்தபோது ஜெசிந்தாவால் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

"ஜெசி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. சாமியார்ட்ட கேட்டுக்கினுதான் வந்தேன். இனிமே உனுக்குத் தடை இல்லியாம். ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் செஞ்சிட்டா நீ நன்மை வாங்கலாமாம்டி."

சொல்லும்போது லூர்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெசிந்தாவுக்கோ, ஒரே ஒரு நொடி, சந்தோஷம் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த நிஜமான சந்தோஷம். அடுத்த நொடியே அது எதனால் வந்த சந்தோஷம் என்று உறைத்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பூசையில் சாமியார் கொடுக்கும் மெல்லிய வெள்ளை அப்பத்தைத்தான் நன்மை என்பார்கள். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது பாவசங்கீர்த்தனம். ஜெசிந்தா அதை வாங்கிப் பதினேழு வருஷம் ஆகிறது. இத்தனைக்கும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். பாட்டு வரும்போது பாடுவாள், முழங்கால் போட வேண்டிய இடத்தில் போடுவாள். எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது மட்டும் உட்கார்ந்துவிடுவாள். கைக்குழந்தைக்காரிகளும் நன்மைக்கு முன் சாப்பிடக் கூடாது என்பதை மறந்து காலையில் அவசரத்தில் இட்லி தின்றுவிட்டு வந்தவர்களும் அவளோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாரத்துக்கு வாரம் மாறுவார்கள், இவள் மாறமாட்டாள்.

காரணம் ஊரறிந்ததுதான். இருபத்திரண்டு வயதில் அவளைப் பீடத்துக்கு முன்னால் மோதிரம் மாற்றிக் கட்டிக்கொண்ட தனிஸ்லாஸ், எட்டாம் மாசம் வேறொருத்தியோடு திருப்பூருக்கு ஓடிப்போனான். இன்றுவரை அங்கே சுகமாக இருக்கிறான். அவன் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கல்யாணம் கல்யாணம்தான் என்றது சபை. இரண்டு சாமியார்களிடம் கேட்டுப் பார்த்தாள். ஓடிப்போனது காரணம் ஆகாதாம். தாலி கட்டின அன்றே அந்தக் கல்யாணத்தில் ஏதாவது ஓட்டை இருந்திருக்க வேண்டுமாம். கல்யாணத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டையெல்லாம் மாப்பிள்ளையிடம்தான் இருந்தது, அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

டில்லிபாபு கம்பெனி பஸ் ஓட்டியவன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வெள்ளை பஸ். ஜெசிந்தா அப்போதுதான் ஒரு பார்ட்ஸ் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கச் சேர்ந்திருந்தாள். யாரோடும் பேசமாட்டாள், எந்த லாரிக்கு முன்னால் விழலாம் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். தினமும் அவள் ரோட்டுக்கு வராதபடி அவள் வீட்டுச் சந்து வாசலிலேயே பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினான். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. ஒரு வருஷம் கழித்து வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் தாலி கட்டினான். முதல் கல்யாணம் நிற்கும்போது இவனோடு வாழ்வது பாவம் என்பதால் அன்றோடு அவளுக்கு நன்மை நின்றுபோனது.

அவளை ஞாயிறுதோறும் கோயில் வாசலில் இறக்கிவிட்டவனும் அவனேதான். நெற்றியில் பட்டை விபூதியோடு பைக்கில் வந்து, பூசை முடியும்வரை எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பான். அவள் போகவில்லை என்று அடம்பிடித்த வாரங்களில்கூட விடமாட்டான்.

"உங்க சாமி கோச்சிக்கினு இருந்தா இன்னா இப்ப? நீ பாட்டுக்குப் போயி குந்து. உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து ஒருநாளு அதுக்கே மனசு எறங்கும்" என்பான்.

அப்படிப்பட்டவன் போன மாசம், பகல் இரண்டரை மணிக்கு, ஷிஃப்ட் விட்டு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது ஸ்டியரிங்கில் தலை சாய்த்தான். பாவம், அசந்து தூங்குகிறார் என்று எழுப்ப மனமில்லாமல் பஸ்ஸில் இருந்தவர்கள் பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

சொந்த ஊரான தண்டலத்திலிருந்து அவன் தம்பிகள் வந்து உடம்பை வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே போய் இறங்கியபோது ஜெசிந்தாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மகள் பிரவீனாவை மட்டும் உள்ளே விட்டார்கள், அதுவும் ஓரமாக. தம்பிகளில் பெரியவன் கேட்டான்: "யாரு நீ? எங்கண்ணன் வச்சிக்கினு இருந்தவதான? ஓரமா நின்னு பாத்துட்டுப் போ."

ஜெசிந்தா நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "நானு அவரு பொண்டாட்டிடா! பதினேழு வருஷம் பொண்டாட்டியா இருந்தவடா!" சாவு மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தரும் அவளுக்காகப் பேசவில்லை. பதினைந்து வயதுப் பிரவீனா மட்டும் உள்ளேயிருந்து ஓடி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அழவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பெண் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை.

இதெல்லாம் ஆனபிறகுதான் லூர்தம்மாள் நல்ல செய்தி கொண்டுவந்தாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஜெசிந்தாவுக்கு இப்போது வேறு எதுவும் மிச்சமில்லை. காலையில் எழுந்தால் ஏன் எழுந்தோம் என்றிருந்தது. கேன்டீனில் வெங்காயம் நறுக்கும்போது மட்டும் நிம்மதி, அழுதால் யாரும் கேட்கமாட்டார்கள். பதினேழு வருஷம் பார்த்துப் பார்த்து ஏங்கிய ஒன்று, வா என்று கூப்பிடுகிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட கடவுள் இதையாவது கொடுக்கிறாரே என்று நினைத்தாள். கொடுப்பதற்காகத்தான் எடுத்தாரோ என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை உடனே அடித்து விரட்டினாள்.

ஷிஃப்ட்காரர்களுக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பூசை உண்டு. அதற்கு முன்னால் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்பார். ஜெசிந்தா வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் கம்பெனி சட்டையோடு நாலைந்து பையன்கள், சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற முகத்தோடு. அவள் முறை வந்து, சாமியாரை மறைத்த தட்டியின் அருகே முழங்கால் போட்டாள்.

"கடைசியா எப்பம்மா பாவசங்கீர்த்தனம் செஞ்சீங்க?"

"பதினேழு வருஷம் ஆச்சு சாமி."

அவர் இளவயசுக்காரர், இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவோ சுலபமாக இருக்கும். அவர் குரலில் அப்படி ஒரு கனிவு.

ஜெசிந்தா வரிசையாகச் சொன்னாள். ஓவர்டைம் என்று கூப்பிட்ட ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையை விட்டது, லீவுக்காக சூப்பர்வைசரிடம் பொய் சொன்னது, கொழுந்தன்மார் நாசமாய்ப் போக வேண்டும் என்று மண்ணை வாரித் தூற்றியது, தனிஸ்லாஸ் சாக வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசைப்பட்டது. சொல்லச் சொல்ல மூச்சு லேசானது. பிறகு நிறுத்திவிட்டாள்.

"வேற?" என்றார் சாமியார்.

பின்னால் ஒரு பையன் இருமினான்.

"அந்த வாழ்க்கையப் பத்தி ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார் மெதுவாக.

"அது பாவம்னு என் மனசு சொல்லல சாமி. அந்த மனுஷன் இல்லாங்காட்டி நானு அன்னிக்கே லாரில வுழுந்து செத்திருப்பேன்."

"அவர் உங்களக் காப்பாத்தினதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்க. அது வேற, இது வேற. கல்யாண உறவு இல்லாத ஒருத்தரோட அப்படி வாழ்ந்திருக்கக் கூடாதுன்னு நீங்க ஒத்துக்கணும். செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபம்னா அழுகை இல்லம்மா, அந்த ஒத்துக்கிறதுதான். அது இல்லாம நான் மன்னிப்புக் குடுக்க முடியாது. எனக்கு அந்த அதிகாரம் இல்ல."

கல்யாண உறவு இல்லாத ஒருத்தர். தண்டலத்தில் கொழுந்தன் சொன்னதும் அதையேதான். அவன் கொச்சையாகச் சொன்னான், இவர் மரியாதையாகச் சொல்கிறார். ஜெசிந்தாவுக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. எழுந்து எங்கே போவது? வெளியே எதிர்க்கடையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"அவரோட வாழ்ந்ததுக்கு மனஸ்தாபப்படறேன் சாமி" என்றாள்.

அவ்வளவுதான். தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தி மறுத்ததை, யாரும் அடிக்காமல் மிரட்டாமல், முழங்காலில் நின்று அவளே சொல்லிவிட்டாள். சாமியார் கையை உயர்த்தி மன்னிப்பு வழங்கினார். அபராதமாக ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். மாலையில் ஐம்பத்து மூன்று மணிகள், மெதுவாகச் சொன்னால் இருபது நிமிஷம். பதினேழு வருஷத்துச் சோறும் சிரிப்பும், காய்ச்சலில் பிடித்துவிட்ட காலும், பிரவீனா பிறந்த அன்று அவன் பஸ் நிறைய ஆட்களுக்குக் கொடுத்த ஜிலேபியும் இருபது நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன. ஜெசிந்தா ஒரு மணிகூட விடாமல் சொல்லி முடித்தாள்.

மறுநாள் ஞாயிறு. நன்மை நேரம் வந்ததும் லூர்தம்மாள் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். ஜெசிந்தா எழுந்து வரிசையில் சேர்ந்தாள். "கிறிஸ்துவின் திரு உடல்" என்றார் சாமியார். "ஆமென்" என்று நாக்கை நீட்டினாள். அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அது கரைந்து இறங்கியது, அதற்குப்பிறகும் நெஞ்சு பழையபடி காலியாகவே இருந்தது. இதற்காகவா, இதற்காகவா என்று மட்டும் உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இடத்துக்குத் திரும்பியபோதுதான் கவனித்தாள். எந்த வாரமும் தவறாமல் நன்மை வாங்கும் பிரவீனா இன்று எழுந்திருக்கவே இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் நாலைந்து பெண்கள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கடைசில ஆண்டவரு உன்னக் கூப்ட்டுக்கினாரு பாரு" என்றாள் லூர்தம்மாள். ஜெசிந்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பல் கலைந்து, இருவரும் மாதா சிலை வைத்த கெபியைத் தாண்டி மதிலோரம் வந்ததும் பிரவீனா நின்றாள்.

"ம்மா, நேத்து சாமியார்ட்ட இன்னா சொன்ன?"

"அத்தெல்லாம் கேக்கக் கூடாதுடி."

"அப்பாகூட இருந்தது பாவம்னு சொன்னியா?"

ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"சொல்லாம உனுக்கு நன்மை குடுத்திருக்க மாட்டாங்க. எனுக்குத் தெரியும், மறைக்கல்வில படிச்சேன்." பிரவீனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசால சொன்னியா, இல்ல வாயாலதான் சொன்னியா? அத்த மட்டும் சொல்லு. மனசால சொல்லியிருந்தீன்னா அப்ப நானு யாரும்மா? நானும் அந்தப் பாவத்துல வந்தவதான?"

கோயிலில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பெண் படித்ததைத்தான் முப்பது வருஷம் முன்னால் ஜெசிந்தாவும் படித்திருந்தாள். மனஸ்தாபம் இல்லாமல் வாயால் மட்டும் சொன்ன பாவசங்கீர்த்தனம் செல்லாது. அது செல்லாது என்று தெரிந்தே நன்மை வாங்கினால், அது எல்லாவற்றிலும் பெரிய துரோகம். மனசால் என்று சொன்னால் மகள் போய்விடுவாள். வாயால் என்று சொன்னால் கடவுள் போய்விடுவார். நேற்று அந்தத் தட்டியின் அருகே எதனால் சொன்னோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. கேட்கிறவள் கண்ணைப் பார்த்தாள். டில்லிபாபுவின் கண்.

"வாயாலதான் சொன்னேன்" என்றாள் ஜெசிந்தா. "மனசால சொல்லல. ஒருக்காலும் சொல்ல மாட்டேன்."

பிரவீனா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்பன் செத்ததற்கு அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். ஜெசிந்தா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இந்தத் துரோகத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் மறுபடி அங்கே முழங்காலில் நின்று டில்லிபாபுவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இந்த முறை மனசால் சொல்ல வேண்டும். அது நடக்காது. போன மாசம்வரை அவளுக்கும் அந்த அப்பத்துக்கும் நடுவே ஒரு மனுஷனின் உயிர் இருந்தது. இனி யார் செத்தாலும் அவளுக்கு வழி திறக்காது.