இடுப்புக்குத் தேய்த்த மருந்து

பேக்கரியில் மாவு பிசைந்து உரமேறிய கை அக்காவுக்கு. கர்ப்பத்தில் எட்டாம் மாதம் தொடங்கியதிலிருந்து இடுப்பு வலியில் துடித்த தங்கைக்குக் காலையும் மாலையும் அந்தக் கையால்தான் ஆயின்மென்ட் தேய்த்துவிடுவாள்.

“மெதுவாக்கா! நான் என்ன மாவா?”

“மாவு இப்படிக் கத்தாதுடி. திரும்பிப் படு.”

வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதென்று வீட்டிலிருந்த வலி மாத்திரைகளை எல்லாம் ஒளித்து வைத்தவளும் அவள்தான். தோலில் தேய்ப்பது தோலோடு போய்விடும் என்று நம்பினாள்.

ஸ்கேன் அறையில் டாக்டரின் பேச்சு திடீரென்று நின்றது. கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

“வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களாம்மா?”

“ஒண்ணுகூட இல்லைங்க,” என்றாள் அக்கா முந்திக்கொண்டு. “நான்தான் தொடவே விடலையே.”

டாக்டர் மூக்கைச் சுளித்தார். “அப்ப இது என்ன வாசனை?”

அக்கா பையிலிருந்து டியூபை எடுத்து நீட்டினாள். அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார்.

“வயித்துல குழந்தை மூச்சு விடாது. அதனால ரத்தம் நுரையீரலுக்குப் போகாம சுத்திப் போறதுக்கு இதயத்துக்கிட்ட ஒரு குறுக்குக் குழாய் உண்டு. அதோட சுவர்ல தசை இருக்கு. அந்தத் தசை இறுகாம பார்த்துக்கறது, கொழுப்புலேர்ந்து உடம்பே செய்யற ஒரு பொருள். வலியைத் தூண்டறதும் அதே வகைப் பொருள்தான். அதனால வலி மருந்து அதை உருவாகவே விடாது. தோல் வழியாவும் ரத்தத்துல கலந்துடும். இப்போ குழாய் இறுகிப் போயிருக்கு.”

“நிறுத்திட்டா விரிஞ்சிடுமா?” என்று கேட்டாள் அக்கா.

“நிறைய பேருக்கு விரியும். பார்ப்போம்.”

அந்த வாரம் முழுக்கத் தங்கை தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். “மருந்து வேண்டாம், சும்மா கையாவது வையேன்,” என்று கெஞ்சினாள். அக்கா பக்கத்தில் வரவேயில்லை.

மறு ஸ்கேனிலும் குழாய் விரியவில்லை. குழந்தையின் இதயம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அன்றைக்கே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள்.

நுரையீரலின் ரத்தக் குழாய்களும் இறுகியே இருந்ததால் கண்ணாடிப் பெட்டிக்குள் இயந்திரம்தான் அதற்கு மூச்சு விட்டது. எழுந்திருக்க முடியாத தங்கை, “எனக்குப் பதிலா நீ தொட்டுட்டு வாக்கா,” என்று அனுப்பினாள்.

அக்கா முழங்கை வரை சோப்புப் போட்டாள். கழுவினாள். மறுபடியும் போட்டாள்.

“போதும்மா, தோல் உரிஞ்சிடப் போகுது,” என்று நர்ஸ் பெட்டியின் சிறு கதவைத் திறந்தாள்.

அக்காவின் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பாதம், நீலம் பாரித்து. கை கதவு வரை போய் நின்றுவிட்டது.

“நீங்க தொடுங்க சிஸ்டர். நான் பார்த்துக்கிட்டு மட்டும் நிக்கறேன்.”

திரும்பி வந்தபோது தங்கை கண் திறந்தாள்.

“தொட்டியா? சூடா இருந்துச்சா?”

“இருந்துச்சுடி,” என்றாள் அக்கா, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.