ஏழு நிமிட அறையின் மேற்குச் சுவர்

எங்கள் ஊரில் ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்குள் நேரம் மிஞ்சினால், அருகிலுள்ள சுவரில் ஒரு கதவு திறக்கும். உள்ளே, மிஞ்சிய நேரத்தின் அளவுக்கு ஓர் அறை இருக்கும். மூன்று நிமிடம் என்றால் ஓர் ஆள் நிற்கலாம். ஏழு நிமிடம் என்றால் ஒரு நாற்காலியும் ஓர் அலமாரியும் போடலாம். அரை மணி நேரம் மிஞ்சுகிறவர்கள் கட்டில் போட்டுக்கொள்வார்கள். நேரம் தீர்ந்ததும் அறை நம்மை மெதுவாக வெளியே தள்ளிவிடும். உள்ளே வைத்த பொருள் உள்ளேயே இருக்கும். மறுநாள் அதே நேரத்தில் அதே கதவு திறக்கும்.

ஒருவருடைய கதவு வழியாக இன்னொருவர் நுழைய முடியாது. முயன்றால் நெற்றி வீங்கும். கொத்தனார்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கையில் கரண்டி இருக்க வேண்டும். இருவருக்கு ஒரே நேரத்தில் ஓய்வு வாய்த்தால் அவர்களுடைய அறைகள் ஒன்றையொன்று ஒட்டி அமையும். விரும்பினால் நடுச்சுவரை இடித்துக்கொள்ளலாம். கீழ்வீட்டு ரெஜினாவும் அவள் கணவனும் அப்படி இடித்து ஒரு சிறு கூடம் செய்துகொண்டார்கள். அதில் அவர்கள் சண்டை மட்டுமே போட்டார்கள். ஆனால் வசதியாகப் போட்டார்கள்.

பெரும்பாலோர் இந்த அறைகளை வைத்திருந்த லட்சணத்தை நான் மன்னித்ததில்லை. பழைய குடைகள், ஓட்டை வாளி, போன வருடத்து நாட்காட்டி. சிலர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டு, ஏதோ சாதித்தவர்களைப் போல வெளியே வருவார்கள். நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறவள். எனக்கு ஒரு நாளைக்குப் பதினேழு அறைகள். ஒன்றைக்கூடச் சும்மா விடவில்லை. பால் பொங்கும்வரையிலான நான்கு நிமிட அறையில் பிரெஞ்சு வினைச்சொற்களைச் சுவரெங்கும் ஒட்டிப் படித்தேன். மூன்றாம் பாடவேளைக்கும் நான்காம் பாடவேளைக்கும் நடுவிலிருந்த பதினொரு நிமிட அறையில், கோரைப்புற்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை எழுதி முடித்தேன். பேருந்து நிறுத்தத்து அறையில் ஸ்வெட்டர் பின்னினேன். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் போடுகிற குளிர் கிடையாது. அது வேறு விஷயம்.

வெளியூர் மாதர் சங்கங்கள் என்னை அழைத்துப் பேசவைத்தன. துண்டு நேரங்களை வீணாக்குகிறவர்கள் முழு நேரத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று பேசினேன். நான் மூச்சு விடும் இடைவெளிகளில் பெண்கள் பீன்ஸ் நறுக்கியபடி கேட்டார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

மாலையில், குக்கரை இறக்கி வைத்த பிறகு ஆவி அடங்க ஏழு நிமிடம் ஆகும். அந்த ஏழு நிமிடத்துக்கு அடுப்படியில் ஒரு கதவு திறக்கும். உள்ளே மேற்குச் சுவரோடு ஓர் இரும்பு அலமாரியைச் சாய்த்து வைத்து, தாவரப் பெயர்களுக்கான சொல்லடைவைச் சிறு அட்டைகளில் தொகுத்துவந்தேன்.

என் கணவர் அறவாழி ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்து கால் கழுவிய பிறகு, சோறு போடும்வரை அவருக்கும் ஏழு நிமிடம் மிஞ்சும். சோறு அந்தக் குக்கரில்தான் இருந்தது. ஆகவே எங்கள் இருவருடைய அறைகளும் அடுத்தடுத்து அமைந்தன. மேற்குச் சுவர் பொதுச்சுவர்.

அவர் அறையில் ஒரு பாய் மட்டும் இருந்ததாகச் சொல்வார். அதில் உட்கார்ந்துகொண்டு சுவரைத் தட்டுவார்.

“கோதை, இருக்கியா?”

“வேலையா இருக்கேன்.”

“ஓய்வு நேரத்துலயா?”

“ஓய்வு நேரத்துலதான். உங்கள மாதிரி பாய்க்குக் காவல் இருக்கச் சொல்றீங்களா?”

அவர் சிரிக்கும் சத்தம் சுவர் வழியாக வரும். ஒருநாள் கேட்டார்.

“இந்தச் சுவத்த எடுத்துருவமா? நம்ம அந்தோணிசாமி ரெண்டு நாள்ல முடிச்சுத் தந்துருவான்.”

“அலமாரி சாஞ்சிருக்கு.”

“அலமாரிய அந்தப் பக்கம் போடேன்.”

“அந்தப் பக்கம் கதவு இருக்கு. முதல்ல இந்த அட்டையெல்லாம் முடியட்டும்.”

“எதுவரைக்கும் வந்துருக்க?”

“‘ம’ வரைக்கும்.”

“அப்ப கொஞ்சம்தான் பாக்கி,” என்றார். விரல் விட்டு எண்ணுவது கேட்டது. “ய, ர, ல, வ. சரி.”

நான் பொய் சொல்லவில்லை. சொல்லடைவு முடிந்தது. வித்துகளுக்கென்று இரண்டாவது தொகுதியைத் தொடங்கினேன். அது முடிந்ததும் பூஞ்சைகள். ஒவ்வொரு தொகுதி முடியும்போதும் அவர் கேட்டார். ஒவ்வொரு முறையும் அடுத்த தொகுதி ‘அ’வில் இருந்தது. அவர் சரி என்றார். இப்படிப் பத்தொன்பது ஆண்டுகள். மொத்தம் பதினாறாயிரம் அட்டைகள். அவற்றைப் பயன்படுத்தியவர்கள் இருவர்; அதில் ஒருவர் நான்.

அறவாழி ஓய்வு பெற்ற அன்று பூமாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூடத்துச் சுவரில் அவருடைய கதவு திறந்தது. பிறகு மூடவே இல்லை. வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே எதிர்ச்சுவர் தெரியவில்லை. செம்மண் தரை போய்க்கொண்டே இருந்தது. இடையிடையே வேப்பமரங்கள். அவர் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நடந்து போனார்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வாரம் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தார். ஒருமுறை ஆறு நாள் கழித்து, செருப்பெல்லாம் செம்மண்ணாக வந்து நின்றார்.

“உள்ள நல்லாக் காத்து வருது, கோதை. சுவத்த எடுத்தா உன் ஏழு நிமிஷத்துல முதல் மரம் வரைக்கும் வந்துட்டுப் போகலாம். நான் அங்க வந்து நிக்கிறேன்.”

“பூஞ்சைத் தொகுதி அச்சுக்குப் போகுது. மெய்ப்பு பாக்கணும்.”

“முடிஞ்சதும்?”

“முடிஞ்சதும் பாக்கலாம். ஒரு மரத்தப் பாக்க இவ்வளவு அவசரமா?”

“மரத்த யாரு பாக்கச் சொன்னா,” என்றார். பிறகு, “சரி” என்றார்.

அந்தச் சொல்லை நான் எப்போதும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். மொழியைப் பற்றி அவ்வளவு தெரிந்துவைத்திருந்த ஒருத்திக்கு இது வெட்கக்கேடு. அவர் போனார். அதற்குப் பிறகு சாப்பிட வரவில்லை.

அவருடைய கதவு திறந்தே இருந்ததால், அவர் தூரப் போவதை நின்று பார்க்க முடிந்தது. முதலில் ஒரு குடத்தின் உயரம் இருந்தார். பிறகு ஒரு டம்ளரின் உயரம். கூப்பிட்டால் குரல் வாசலில் முட்டி எனக்கே திரும்பியது. பூஞ்சைத் தொகுதி அச்சாகி வந்த நாளில் அவர் ஒரு விரற்கடை உயரம் இருந்தார். இன்னும் ஒரு மாதம் போனால் கண்ணுக்கே தெரியமாட்டார் என்று கணக்கிட்டேன். கொத்தனார் அந்தோணிசாமிக்குச் சொல்லியனுப்பினேன்.

ஆவி அடங்கும் நேரத்தில் அவர் கரண்டியோடு வந்தார். அலமாரியை நகர்த்தினோம். சுத்தியலால் சுவரில் மூன்று இடங்களில் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

“டீச்சரம்மா, இது ஓய்வு நேரம் இல்ல.”

“பின்ன என்ன?”

“வேலை நேரம். ஓய்வு நேரம்னா தட்டுனா டொக்குன்னு கேக்கும். இது கருங்கல்லால்ல இருக்கு. எத்தன வருசமா உள்ள வேலை நடக்குது?”

“பத்தொன்பது.”

“அதான் கெட்டிப்பட்டுப் போச்சு. வெடி வச்சாத்தான் போகும். வெடி வச்சா கல்லு அந்தப் பக்கம் சார் மேல போய் விழும்.”

“நீங்க அவர் கதவு வழியாப் போய்க் கூட்டிட்டு வர முடியாதா?”

“சுவரு இருக்கற வரைக்கும்தாம்மா எங்களுக்கு அனுமதி. அது வெட்டவெளி. அங்க கொத்தனாருக்கு என்ன சோலி?” சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டார். “சாருக்கு இப்ப நாள் பூரா ஓய்வு. அதனால உங்க அறை எதா இருந்தாலும் ஒரு பக்கம் அவரோடத ஒட்டித்தான் இருக்கும். சும்மா கெடக்கற அறை ஒண்ணு காட்டுங்க, தொறந்துர்றேன்.”

இரண்டு நாள்கள் அவரைப் பதினேழு அறைகளுக்கும் கூட்டிப் போனேன். பேருந்து நிறுத்தத்துக்கும் வந்தார், கல்லூரிக்கும் வந்தார். எங்கு தட்டினாலும் கருங்கல். பதினேழாவது அறையில் அவர் சுத்தியலை ஓங்கவே இல்லை.

“எங்க வீட்டம்மாவுக்கு ரெண்டே ரெண்டு அறைம்மா,” என்றார். “ரெண்டுலயும் தூங்கும். திட்டிக்கிட்டே இருப்பேன்.”

நான் அறைகளைக் காலி செய்ய முடிவெடுத்தேன். அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். ஸ்வெட்டர்களைப் பிரித்து நூலாக்கினேன். பிரெஞ்சு வினைச்சொற்களைச் சுவரிலிருந்து உரித்து எடுத்தேன். ஆனால் அவை எனக்குள்ளும் இருந்தன. மறப்பதற்கு ஓர் அட்டவணை போட்டேன். என் புத்தி அப்படி. தினமும் நான்கு நிமிடம், நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் என்று மூன்று வாரம் முயன்றேன். அந்தோணிசாமி மறுபடியும் வந்து தட்டிப் பார்த்தார்.

“இன்னும் வேலைதான் நடக்குது,” என்றார். “இப்ப மறக்கற வேலை.”

அன்று அறவாழி ஒரு நெல்மணி அளவு இருந்தார்.

பதினெட்டாவதாக ஓர் இடைவெளி இருந்ததை மறுநாள் காலை கண்டுபிடித்தேன். தலை பின்னி முடித்த பிறகு, பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, அதை ஒட்டுவதற்கு முன் நான் அரை நிமிடம் நிற்கிறேன். அந்த அரை நிமிடத்தில் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. எதுவும் செய்யவில்லை போலும். நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் திறந்த அதன் கதவை நான் சுவிட்ச் பெட்டிக்கான பொந்து என்று நினைத்திருந்தேன். அந்தோணிசாமி ஒரு விரலால் தட்டினார். டொக்கென்று கேட்டது.

“இதான் ஓய்வு,” என்றார். “இவ்வளவுதான் உங்களுக்கு மிஞ்சிருக்கு.”

உடைத்ததும் ஒரு முழங்கை நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது. வேப்பம்பூ வாசனையோடு காற்று வந்தது. வெகு தொலைவில் அவர் முதுகு தெரிந்தது. பாயில் உட்கார்ந்திருந்தார்.

அரை நிமிடத்தில் ஒரு பெயரைத்தான் கூப்பிட முடியும். திருமணமான நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேடைகளில் எதையெல்லாமோ உடைக்கச் சொன்னவள், அதை மட்டும் உடைக்காமல் வைத்திருந்தேன். “என்னங்க” என்றேன். அந்த வெளியில் எந்தப் பெண்ணும் எந்தக் கணவனையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள். அவர் திரும்பவில்லை. மறுநாள் “அறவாழி” என்று கூப்பிட்டேன். குரல் எழும்பவில்லை, முதல் மரத்தடியிலேயே விழுந்துவிட்டது. அதற்கடுத்த நாள் ஓரளவு எழும்பியது. அதற்குள் அவர் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, இன்னும் தள்ளி நடக்கத் தொடங்கியிருந்தார்.

ஐந்தாம் நாள் கையை உள்ளே விட்டு அசைத்தேன். எவ்வளவு நேரம் அசைத்தேன் என்று பார்க்கவில்லை. என் வாழ்நாளில் நேரம் பார்க்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அரை நிமிடம் தீர்ந்ததும் அறை வழக்கம்போல என்னை வெளியே தள்ளியது. மணிக்கட்டுக்கு மேலே எல்லாம் என் நேரத்தில் இருந்தது. ஆகவே வெளியே வந்தது. கை அவருடைய நேரத்தில் இருந்தது. அதைத் தள்ள என் அறைக்கு அதிகாரமில்லை; அது அங்கேயே தங்கிவிட்டது. வலி இல்லை. பொட்டை இடது கையால் ஒட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

மறுநாள் பொந்து திறந்தபோது கை அங்கே இல்லை. செம்மண்ணில் ஐந்து விரல்களின் தடம் அவர் இருந்த திசை நோக்கிப் போயிருந்தது. எங்கும் நின்றதற்கான அடையாளம் இல்லை.

ஒன்பதாம் நாள் இரண்டாம் பாடவேளையில், மகரந்தப்பையின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் இடது கையால் வரைந்துகொண்டிருந்தேன். யாரோ என் வலது கையை எடுத்துப் பிடித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் சிக்னல் லீவர் இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அது என் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. பிறகு, முதல்முறையாகச் சந்திக்கும் ஒருவரிடம் செய்வதைப் போல, மரியாதையாக இரண்டு முறை குலுக்கிவிட்டு விட்டுவிட்டது.

“மேடம், பாகங்களையும் குறிக்கணுமா?” என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

குறிக்கச் சொன்னேன்.