நூல் பிசகாதவரின் இரண்டு கேபினெட்டுகள்

மூன்றாவது மாடித் தச்சருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் ‘நூல்’. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான அந்த நூலளவுகூட அவர் கை பிசகியதில்லை. பெண்டாட்டியோடுதான் பொருந்தாமல் போயிற்று. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்றால் ரேடியோதான்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு ஞாயிறு, கல்லூரியில் படிக்கும் மகள் மதர்போர்டும் கையுமாக வந்து நின்றாள்.

“கம்ப்யூட்டர் நானே சேர்க்கப் போறேன்பா. ஹாஸ்டல்ல பரப்பிப் போட இடமில்ல. இங்க மாட்டி எடுத்துட்டுப் போறேன். இதெல்லாம் உள்ள வைக்கிற பெட்டி, கேபினெட், அதை மட்டும் நீங்க வாங்கி வைங்க.”

நூல் போர்டை அளந்தார். பன்னிரண்டு அங்குலம். கடையில் கேபினெட்டை வெளியே அளந்து, தகட்டின் கனத்தைக் கழித்தார். அலமாரி செய்ய அந்தக் கணக்கு போதும். கேபினெட்டின் அடிப்பாகத்தைக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? மறு ஞாயிறு போர்டு பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நூலே பிசகிடுச்சு. சரி, மாத்தி வைங்க. அடுத்த வாரம் வர்றேன்.”

அடுத்த வாரம். அந்த வார்த்தையைத்தான் மனுஷன் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். “பெரிய கேபினெட்டுல சின்ன போர்டு உக்காந்துக்கும் அண்ணே. சின்னதுல பெரிசு உக்காராது. உங்க போர்டுக்கு இதோ இதுதான். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க.”

நூல் பழையதைத் திருப்பிக் கொடுக்காமல், கண்ணைத் திறந்துகொண்டே பக்கத்திலிருந்த சின்னதை எடுத்தார். ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறியபோதே எங்களுக்குச் சந்தேகம்.

அந்த ஞாயிறு மகள் சிரிக்கவில்லை. அவருடைய டேப்பையே எடுத்து அளந்தாள்.

“இது போனதை விடச் சின்னது.”

“அப்படியா?”

“கடைக்காரர் சொல்லலையா?”

“சொன்னாரு.”

அவள் டேப்பைச் சுருட்டினாள். அவர் ஒரு திருகாணியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“மாட்டி முடிச்சா நீ எதுக்கு இங்க வரப்போறே?” என்றார், திருகாணியிடம்.

“வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்லப்பா. அம்மாவையும் நீங்க அப்படிக் கூப்பிடவே இல்ல.” போர்டைப் பைக்குள் வைத்தாள். “கடையிலயே மாட்டிக்கிறேன்.”

படியில் பார்த்து இறங்கச் சொன்னார். அதை மட்டும்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. காலி கேபினெட்டுகள் இரண்டும் பெரியதன்மேல் சின்னதாக, ஒரு பக்க ஓரம் பிசகாமல் நின்றன. ரேடியோவை அணைத்துவிட்டு, மகளைக் கூப்பிட நூல் போனை எடுத்தார். சொல்ல வேண்டியது ஒற்றை எழுத்து. அதையும் மரம் அறுப்பதற்கு முன் அளப்பதுபோல வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.