பொட்டு வைத்த டிவி உறைகள்

ஓசூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை நான் விட்டது 2006 ஆடி மாதம். விட்டேன் என்பதைவிட, ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வெளியே வந்தேன் என்பதுதான் சரி. லைன் சூப்பர்வைசர் சரிதா நான் தைத்த சட்டையின் மூலையைப் பிரித்துக் காட்டி, "முடிச்சு போடாம நூலை அப்படியே விட்டுட்டுப் போறியே வீரலட்சுமி, உனக்கு எதுக்கு மிஷினு?" என்று கேட்டாள். அறுபது பேர் பார்க்க எழுந்து நின்றேன். "இனிமே எனக்குச் சொந்தத் தொழில்தான். இந்த கேட்டை மறுபடி மிதிச்சேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!" என்றேன். யாராவது கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பக்கத்து மிஷின் பெண் என் கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சரிதா மட்டும் நிதானமாகச் சொன்னாள். "தீபாவளி வரைக்கும் உன் மிஷின்ல வேற ஆளை உக்கார வெக்க மாட்டேன். அதுக்குள்ள புத்தி வந்தா வா."

என் சொந்தத் தொழில் டிவி உறை. பால் வெள்ளைத் துணி, நடுவில் கையால் போட்ட ஜோடிப் பச்சைக்கிளி, ஓரத்தில் சுருக்கு வைத்த லேஸ். விருதுநகர் பக்கம் எங்கள் தெருவில் உறை போடாத டிவி கிடையாது. ஓசூரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். நாலு பேரைக் கேட்டிருக்கலாம். கேட்டுச் செய்தால் நான் வீரலட்சுமி இல்லையே!

எங்கள் வீட்டுக்காரர் முனிவேல் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறார். முதல் உறையை எங்கள் டிவிக்கே போட்டேன். அவர் செய்தி பார்க்க அதைத் தூக்கி மேலே மடித்துவிட்டார். "கிளி நல்லாத்தேன் இருக்கு. ஆனா வவ்வால் மாதிரி தலைகீழா தொங்குதே," என்றார். அன்றைக்கு அவருக்கு உப்பில்லாத குழம்புதான்.

இரண்டு ஃபேன்சி ஸ்டோர்கள் என் உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தன. மூன்றாவதாக பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சென்னப்பன் அண்ணன் பாத்திரக்கடை. அவர் ஒப்புக்கொண்டார். விற்றால் அவருக்கு ஒரு பங்கு, மீதி எனக்கு. விற்காவிட்டால் தீபாவளி முடிந்ததும் சரக்கை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு உறைகளை இறக்கிவிட்டு மகாராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

வாராவாரம் வியாழக்கிழமை ஏதோ வாங்கப் போகிறவள் போல அந்தக் கடைக்குப் போவேன். சும்மா நின்று வேவு பார்க்கக் கூச்சமாக இருக்கும் என்று ஒரு கரண்டி வாங்கி வருவேன். புரட்டாசி பிறந்தபோது எங்கள் வீட்டில் ஏழு கரண்டிகள் இருந்தன. ஓர் உறைகூட விற்கவில்லை. எட்டாவது வியாழக்கிழமை பார்த்தால், என் கிளிகள் மொத்தமும் ஒரு சாக்கில், இட்லிக் குண்டான்களுக்கு அடியில் கிடந்தன.

எனக்கு வந்ததே கோபம்! "ஏண்ணே, என் சரக்குன்னா மாத்தாந்தாய் பிள்ளையா? உங்க சரக்குக்கு என்ன மரியாதை குடுக்கிறீகளோ, அதே மரியாதையை இதுக்கும் குடுங்க!"

நல்ல மனுஷர் பதறிவிட்டார். "ஐயோ, கோவிச்சுக்காதம்மா. எடம் இல்லாம வெச்சிட்டேன். இனிமே இதுவும் நம்ம சரக்குதான், போதுமா?" என்று என் கண்ணெதிரே கயிறு கட்டி, இருபத்திரண்டையும் கடை முகப்பில் தொங்கவிட்டார். அன்றைக்கு நான் கரண்டி வாங்கவில்லை.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. ஊரே கல்யாண வீடாகிவிடும். கம்பெனி கேட்டிலிருந்து டூவீலர் மெக்கானிக்கின் ஸ்பேனர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும்தான். பூஜைக்கு மறுநாள் கடைக்குப் போனேன். அண்டா, குக்கர், தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு. நிமிர்ந்து முகப்பைப் பார்த்தேன்.

என் உறைகளுக்கும் பொட்டு. நான்கு மூலையிலும் கட்டை விரல் அளவு சந்தனம், அதன்மேல் குங்குமம். போதாததற்கு ஒவ்வொரு கிளியின் நெற்றியிலும் ஒன்று.

"ஒண்ணுகூட விடலம்மா," என்று சென்னப்பன் அண்ணன் மனைவி மாரம்மா பெருமையாகச் சொன்னார். "உன் சரக்குக்கு மரியாதை இல்லைன்னு வருத்தப்பட்டியாமே. அதான் மொதல்ல அதுக்குத்தான் வெச்சேன்."

"அக்கா, பாத்திரத்துல வச்சது கழுவுனா போயிரும். துணியில வச்சது போகுமாக்கா?" என்றேன். கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் உட்கார்ந்து அழுதேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கிளிகள் சாக்குக்குள் சுத்தமாகவாவது இருந்திருக்கும். கம்பெனி கேட் கண்ணுக்குத் தெரிந்தது, அதற்குப் பின்னால் அறுபது பேருடைய சிரிப்பும் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கட்டிக் குடுங்கண்ணே, எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

சென்னப்பன் அண்ணன் அசையவில்லை. "அதெப்படிம்மா? பூஜை போட்ட சரக்கு வித்துத்தான் கடையை விட்டுப் போகணும். திருப்பி அனுப்பினா லட்சுமியைக் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுன மாதிரி."

"அது என் சரக்குண்ணே."

"நம்ம சரக்குன்னு பேசியாச்சு. பொட்டும் வெச்சாச்சு. மொத்தத்தையும் நானே காசு குடுத்து எடுத்துக்கறேன்."

"வேணாம்ணே, வேணாம்ணே" என்று வாய் சொன்னது. கை என்னவோ நீண்டுதான் இருந்தது. என் வாழ்க்கையின் முதல் வியாபாரம் அது. கறை பட்ட சரக்கு, வேறு வழியில்லாமல் வாங்கிய மனுஷர்.

தீபாவளி வியாபாரத்தில் அவர் ஒவ்வொரு குக்கருக்கும் ஓர் உறையை இலவசமாகக் கொடுத்துத் தீர்த்தார். நானும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் சரிதாவைப் பார்த்து, உடம்பு சரியில்லாமல் இருந்தேன் என்று ஏதாவது சொல்லி, பேசாமல் போய் மிஷினில் உட்கார்ந்துவிட வேண்டியது. பேரை மாற்றிக் கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அந்த முதல் நாளும் வந்தது. கம்பெனிக்குப் போகும் வழியில் தைரியத்துக்காகப் பாத்திரக்கடையில் ஏறினேன். பின்னாலேயே சரிதா வந்தாள். நான் அண்டா அடுக்குக்குப் பின்னால் பதுங்கினேன்.

"அண்ணா, போன வாரம் குக்கர் கூட ஒரு உறை குடுத்தீங்களே, எங்க மாமியாருக்கும் ஒண்ணு வேணுமாம். பொட்டு வெச்சதுதான் மங்களகரமாம், அதுதான் வேணுமாம். வெறும் கிளி வேணாமாம்."

"செஞ்ச அம்மாவே இதோ இருக்குதே," என்று சென்னப்பன் அண்ணன் அண்டா பக்கம் கையைக் காட்டினார். எழுந்து நின்றேன். வேறென்ன செய்ய?

சரிதா ஆச்சரியப்படவில்லை. "இது செய்யறது நீதான்னு தெரியும். மூலையில முடிச்சு இல்ல, நூல் தொங்குது. பாத்ததுமே தெரிஞ்சிச்சு." பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "தொழில்தான் சூடு புடிச்சிடுச்சே, இனி நீ எங்க வரப்போறேன்னு நேத்துதான் உன் மிஷின்ல வேற பொண்ணை உக்கார வெச்சேன்."

அந்தக் காலி மிஷினை நம்பித்தான் இத்தனை நாள் வீரம் பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"எத்தனை வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதும்," என்றாள் சரிதா. "ஆனா இந்தத் தடவையாவது முடிச்சு போட்டுக் குடு."

மாரம்மா அக்காவிடம் கொஞ்சம் சந்தனமும் குங்குமமும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கே ஓர் உறை தைத்து, நான்கு மூலையிலும் இரண்டிரண்டு முடிச்சு போட்டேன்.